நெற்றி ஏறத் தொடங்கும்போது



எங்கள் மத்ரஸாவில் ஓதும் பத்தொன்பது வயது மாணவர் ஒருவர், உளூச் செய்யும் இடத்தில் மற்றவர்கள் எழுந்து செல்லும்வரை காத்திருந்த பின்னரே தொப்பியைக் கழற்றி மஸ்ஹு செய்வார். காரணம் கேட்டேன். "ஹஜ்ரத், நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. தொப்பி போடுவதால்தான் என்கிறார்கள்" என்றார். கையிலிருந்த பணத்தையெல்லாம் ஓர் எண்ணெய்க்குக் கொடுத்திருந்தார். என் தலையிலும் முப்பது வயதுக்கு முன்பே இது தொடங்கியதால் அவருடைய கூச்சம் எனக்குப் புரிந்தது.

ஆண்களின் வழுக்கையை ஹாமில்டன் என்பவர் 1951ஆம் ஆண்டு வகைப்படுத்தினார். நார்வுட் என்பவர் 1975இல் அதைத் திருத்தி ஏழு நிலைகளாக அமைத்தார். முதல் நிலையில் முன்முடி அநேகமாக அப்படியே இருக்கும். இரண்டாம் நிலையில் இரு பொட்டுகளுக்கும் மேலே முடிக்கோடு முக்கோணமாகச் சற்றுப் பின்வாங்கும். ஆனால் வாலிபம் முதிரும்போது முடிக்கோடு சிறிது மேலேறுவது பலருக்கும் இயல்பு, அதுவே வழுக்கையாகிவிடாது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வதும் இயல்பே. உதிரும் முடியின் எண்ணிக்கையைவிட, அவ்விடத்தில் முளைப்பவை மெலிந்தும் குட்டையாகியும் வருகின்றனவா என்பதையே கவனிக்க வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உடலில் டிஹெச்டி என்னும் பொருளாக மாறுகிறது. பரம்பரையாக அதனால் பாதிக்கப்படும் தன்மையுள்ள முடிவேர்கள் சிறிது சிறிதாகச் சுருங்குகின்றன. இப்பரம்பரை தாய்வழியிலும் வரும், தந்தைவழியிலும் வரும். தலையை இறுக்காத தொப்பிக்கு இதில் பங்கில்லை. முடிவேருக்கு உணவளிப்பது இரத்தம்; எண்ணெய் முடியை மென்மையாக்குமே தவிர, இம்மாற்றத்தைத் தடுக்காது.

மினாக்சிடில் என்னும் பூச்சு மருந்தும், மருத்துவர் எழுதித்தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரையும் பலருக்குப் பயனளிக்கின்றன. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பலனும் போய்விடும். வேர்கள் முற்றிலும் சுருங்குமுன் தொடங்குவதே நல்லது. திட்டுத் திட்டாகவோ திடீரெனவோ முடி கொட்டினால் அது வேறு காரணமாக இருக்கலாம். தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த மாணவரையும் அவ்வாறே அனுப்பிவைத்தேன்.

முடியை விரும்புவது ஈமானின் குறையா என்று சிலர் கேட்பதுண்டு. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான ஹதீஸில், பனூ இஸ்ராயீல் மக்களில் தொழுநோயாளி, வழுக்கைத் தலையர், பார்வையற்றவர் ஆகிய மூவரை அல்லாஹ் சோதித்தான். வழுக்கைத் தலையர் அழகிய முடியைக் கேட்டார். அது அவருக்குக் கிடைத்தது. கேட்டதற்காக அவர் பழிக்கப்படவில்லை. பின்னர் ஏழையாக வந்து கேட்டவருக்கு ஒரு மாட்டைக்கூடக் கொடுக்க மறுத்த நன்றிகேட்டினாலேயே வீழ்ந்தார். ஆகவே மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று.

முடி திரும்பாவிட்டாலும் மனிதனின் மதிப்பு குறைவதில்லை. ஹஜருல் அஸ்வதை உமர் (ரலி) அவர்கள் முத்தமிட்டதை அறிவிப்பவர், முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பில், அவர்களை 'வழுக்கைத் தலையர்' என்றே குறிப்பிடுகிறார். அந்தச் சொல் அவர்களின் கண்ணியத்தில் ஒரு துளியையும் குறைக்கவில்லை.

பெற்றோரே, வீட்டிலுள்ள பிள்ளையை விளையாட்டுக்காகவும் 'சொட்டை' என்று அழைக்காதீர்கள். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைக் குர்ஆன் தடுத்திருக்கிறது. பெண் பார்க்கும் வீட்டாரும் பிள்ளையின் தலைக்கு முன்னால் அவனுடைய தொழுகையையும் குணத்தையும் விசாரிக்கட்டும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.