நிழல் மரம் எங்கே?

பி.காம். படித்தவனிடம் போய், ‘கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும், என்னென்ன வாங்கலாம்?’ என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு போடுவான். இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு. சிரிக்காதீர்கள். இந்த விஷயத்தில் முக்கால்வாசி வேலைக்கு அது போதும்.

கேட்டது என் அக்கா மகன். ஊர், ஏற்காடு. அப்பா காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். பையன் சேலத்தில் காலேஜ் படித்துக்கொண்டே, லீவு நாட்களில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்த்து இரண்டு வருஷத்தில் 80 ஆயிரம் ரூபாய் சேர்த்திருந்தான். இது 2024-ல் நடந்தது. அந்தக் காசுக்கு ஒன்றரைப் பவுன் எடுத்து வைக்கலாம் என்பது அக்காவின் கட்சி. ‘லேப்டாப் வாங்கட்டும், படிக்கவாவது ஆகும்’ என்பது அப்பாவின் கட்சி. பையனோ யார் கட்சியிலும் இல்லை. சுயேச்சை!

“மாமா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு” என்று லிஸ்ட்டை நீட்டினான்.

முதல் வரியிலேயே கண் நின்றது. கிராஃபிக்ஸ் கார்டு: ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ. பட்ஜெட்டில் சரிபாதி அதற்கே போய்விட்டது. அதற்குக் கீழே ரைசன் 5 5600 பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., மானிட்டர். கடைசி வரியில், பந்தியில் கடைசியாக வைக்கும் ஊறுகாய் மாதிரி, ‘கேபினெட், பவர் சப்ளையோடு சேர்த்து’ என்று ஒரு சின்னத் தொகை. யு.பி.எஸ். என்ற வார்த்தையே இல்லை.

கேம் கம்ப்யூட்டர் கட்ட நினைக்கும் பலரும் இப்படித்தான் மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு வருவார்கள். நான் மானிட்டரில் ஆரம்பிக்கச் சொன்னேன். சாதாரண ஃபுல் எச்.டி. திரை என்றால் 1920-க்கு 1080, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரை என்றால் 3840-க்கு 2160, அதாவது நாலு மடங்கு. ஒவ்வொரு புள்ளியையும் நொடிக்கு அறுபது தடவையாவது புதிதாக வரைய வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. திரை எது என்று முடிவாகாமல் கார்டை வாங்குவது, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று தெரியாமல் அரிசி ஊறவைப்பது போல. அவனிடம் இருந்த காசுக்கு ஃபுல் எச்.டி.தான். அதற்கு டி.ஐ. இல்லாத வெறும் 4060-யே தாராளம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. “மாப்ளே, இதுல எது செடி, எது நிழல் மரம்?” என்றார்.

ஏற்காட்டுக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். சேலத்தில் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து சேர்வராயன் மலைக்குத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. காப்பிச் செடியை வெட்டவெளியில் விட்டுவிட முடியாது. மேலே சில்வர் ஓக் மாதிரி ஒரு நிழல் மரம் வேண்டும். ஊரில் யாரும் அந்த மரத்தைப் பார்த்து ‘அடடா’ என்பதில்லை. ஆனால், அது இல்லாவிட்டால் செடி இல்லை.

கம்ப்யூட்டருக்கு நிழல் மரம் பவர் சப்ளை. ஏற்காடு மாதிரி ஊரில் யு.பி.எஸ்.ஸும் எர்த்தும் கூட.

கணக்கைப் பாருங்கள். பிராசஸர் 65 வாட் என்று டப்பாவில் போட்டிருந்தாலும், முழுமூச்சில் ஓடும்போது அதைவிடக் கூடுதலாக இழுக்கும்; தாராளமாக 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4060 கார்டு 115 வாட். விசிறி, டிஸ்க், மதர்போர்டு எல்லாம் சேர்த்து ஒரு ஐம்பது. மொத்தம் 255. திடீரென்று எகிறும் இழுப்பையும் சேர்த்து 550 வாட் பவர் சப்ளை வாங்கினால் நிம்மதி. அதன் மேல் ‘80 பிளஸ்’ முத்திரை இருக்கிறதா பாருங்கள். சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான முத்திரை அது. தரத்துக்கு முழு ஜாமீன் இல்லை, ஆனால் முத்திரையே இல்லாததற்கு இது மேல். கேபினெட்டோடு ‘ஃப்ரீ’யாக வரும் டப்பா, போகும்போது சில சமயம் மதர்போர்டையும் கார்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

யு.பி.எஸ்.ஸில் ஒரு காமர்ஸ் சூட்சுமம் இருக்கிறது. பெரிய எழுத்தில் 600 வி.ஏ. என்று போட்டிருக்கும். அது கிராஸ் சம்பளம். பல மாடல்களில் கைக்கு வருவது 360 வாட்தான். இவன் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் சேர்த்து 280 என்றால், 360 விளிம்பில் நிற்கிற கணக்கு. ஆகவே 1,000 வி.ஏ.

அடுத்தது எர்த். இந்த மலை சார்னோகைட் என்கிற கடினமான பாறை. பாறையில் எர்த் கம்பி சுலபத்தில் இறங்காது, இறங்கினாலும் மின்சாரத்தைச் சுலபத்தில் உள்வாங்காது. கோடை மழையில் இங்கே இடி எப்படி இறங்கும் என்று ஏற்காட்டில் ஒரு மே மாதம் தங்கியவர்களுக்குத் தெரியும். எர்த் சரியில்லாத வீட்டில் சர்ஜ் புரொடக்டர் மாட்டுவது, வடிகால் இல்லாத வீட்டில் பெரிய குழாய் வைப்பது மாதிரி. அப்பா அடுத்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த்தைப் புதுப்பித்தார். அந்தச் செலவை மகன் கணக்கில் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மலைக்கு ஒரு சலுகையும் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவிகிதம் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகிற சூடு குறையும். ஆனால், சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடுகிறது. தண்ணீர் கூலர் எல்லாம் வீண் செலவு. மூடுபனிதான் வில்லன். ஓடுகிற கம்ப்யூட்டர் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதில் ஈரம் படியாது. பத்து நாள் அணைத்துப் போட்டுவிட்டு ஜன்னலையும் திறந்து வைத்தால் படியும்.

டி.ஐ.யை விட்டதில் சுமார் பத்தாயிரம் மிச்சமானது. பவர் சப்ளையும் யு.பி.எஸ்.ஸும் அதிலேயே அடங்கின. எட்டு ஜி.பி. ராம் ஒன்று என்று இருந்ததை எட்டு எட்டாக இரண்டு ஆக்கினோம். இரட்டை மாடு பூட்டினால்தான் வண்டி ஒழுங்காக ஓடும். சேலத்தில் எல்லாவற்றுக்கும் சீரியல் நம்பரோடு 18 சதவிகித ஜி.எஸ்.டி. பில் போடச் சொன்னேன். பில் இல்லாமல் விலை குறைப்பதாகச் சொல்பவர், உங்கள் வாரன்ட்டியை உங்களிடமிருந்தே வாங்கிக்கொள்கிறார். அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்ச் சண்டை போட வேண்டும்.

அந்த விலைகளை நம்பி இப்போது கடைக்குப் போகாதீர்கள். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் பசியால் ராம் விலை மளமளவென்று ஏறியது. விலை மாறும், மாடல் மாறும். விகிதம் மட்டும் மாறாது.

பையன் அசெம்பிள் செய்த அன்று திரையில் படமே வரவில்லை. எல்லாருக்கும் முகம் தொங்கிவிட்டது. கேபிளை மதர்போர்டில் சொருகியிருந்தான். 5600-ல் உள்ளுக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டில்தான் சொருகவேண்டும். மாற்றியதும் வந்தது. அக்கா மட்டும் இன்னும் பவுன் விலையைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள். தங்கம் ஏறிய வேகத்தைப் பார்த்தால் அவளைக் குறைசொல்லவும் முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு லிஸ்ட் நீட்டப்படலாம். முதல் வரியைப் பார்த்து மலைக்காதீர்கள், கோபப்படவும் வேண்டாம். கடைசி இரண்டு வரியை முதலில் படியுங்கள். அங்கே நிழல் மரம் இருந்தால், பிள்ளை யோசித்துத்தான் எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். தைரியமாகக் காசைக் கொடுங்கள்.