நாகப்பட்டினத்து வாயிலும் ஸ்காட்லாந்துக் குலங்களும்

பிரிட்டன் தீவின் வடபால், மலையும் ஏரியும் சதுப்புமாகப் பரந்து கிடக்கும் நாட்டை ஹைலாண்ட்ஸ் என்பர். மேட்டு நிலம் என்பது பொருள். அந்நாட்டிற்குத் தலைநகர் போல் விளங்குவது இன்வர்னெஸ். நெஸ் என்னும் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த அழகிய ஊர். சென்ற வேனிற்காலத்தில் ஐந்து நாட்கள் அவ்வூரில் தங்கி, சுற்றுப்புறங்களைக் காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. ஸ்காட்லாந்துக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் எடின்பரோவோடு திரும்பிவிடுவதால், வடக்கே நாங்கள் கண்டவற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லுதல் பயனுடையதாகும் என்று கருதுகிறோம். நம் நாகப்பட்டினத்தின் நினைவு அங்கே ஒரு மலையுச்சியில் நின்றுகொண்டிருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

இன்வர்னெஸ் கடைத்தெருவில் முதலில் கண்ணைக் கவர்வது கட்டம் போட்ட கம்பளித் துணி. இதனை டார்ட்டன் என்கின்றனர். ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு குலத்தின் பெயர் உண்டு; மெக்டொனால்டு, காம்பெல், ஃபிரேசர், மெக்கென்சி, மன்றோ என்று அடுக்கடுக்காக வைத்திருக்கின்றனர். வந்தவரின் குடும்பப் பெயரைக் கேட்டறிந்து, அதற்குரிய துணியை எடுத்து நீட்டுவது கடைக்காரர் வழக்கம். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே வைத்துக்கொண்டு வாழும் நாங்கள், வடநாட்டு அலுவலகப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற இடம் வந்ததும் எப்படி விழிப்போமோ அப்படியே அங்கும் விழித்தோம். பெயரில்லாதவர்க்கும் துணி உண்டு என்று ஆறுதல் கூறி ஒரு கழுத்துத் துண்டை விற்றுவிட்டார் அந்த நல்ல மனிதர்.

மெக்கென்சி என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. தென்னாட்டு ஊர்தோறும் வரலாறும் சுவடியும் கல்வெட்டும் திரட்டிய காலின் மெக்கென்சி, இந்நாட்டின் மேற்கே கடலுக்குள் கிடக்கும் லூயிஸ் தீவில் பிறந்தவர். அவர் தொகுப்பின் பெரும்பகுதி இன்றும் சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

குலம் என்று நாம் சொல்வதை அவர்கள் க்ளான் என்கின்றனர். கேலிக் மொழியில் அதற்குப் பிள்ளைகள் என்பதே பொருள். 'மெக்' என்றால் மகன். மெக்டொனால்டு என்பவன் டொனால்டின் மகன். ஒரு முன்னோனின் வழிவந்தோர் என்பது கொள்கை. ஆயினும் இரத்த உறவு மட்டுமே அதன் அடிப்படை எனக் கொள்ளலாகாது. வலிய தலைவனின் காவலை நாடி வந்த சிறு குடும்பங்கள் அவன் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டன. தலைவன் நிலம் அளித்தான், வழக்குத் தீர்த்தான், பஞ்சத்தில் தானியம் கொடுத்தான். மக்கள் விளைச்சலிலும் கால்நடையிலும் பங்கு கொடுத்தனர். அவன் அழைத்த அன்று வாளெடுத்துச் சென்றனர். சட்ட ஏட்டில் நிலம் தலைவனுடையது. ஆனால், தலைமுறை தலைமுறையாக ஒரு பள்ளத்தாக்கில் வாழ்ந்தோர்க்கு அங்கே தொடர்ந்து வாழும் உரிமை உண்டு என்னும் நம்பிக்கை மக்களிடையே வேரூன்றி இருந்தது. அந்நம்பிக்கைக்குக் கேலிக் மொழியில் 'தூகஸ்' என்று பெயர். அன்பர்கள் இச்சொல்லை நினைவில் வைக்க வேண்டுகிறோம்; பின்னர் நிகழ்ந்தவை யாவும் இதனைச் சுற்றியே நிகழ்ந்தன.

அக்காலத்தைப் பொற்காலம் என்று எண்ணிவிடவும் வேண்டா. ஒரு குலத்தார் இன்னொரு குலத்தாரின் மாடுகளை இரவிலே கவர்ந்து செல்வதும், அவர்கள் தொடர்ந்து வந்து மீட்பதும் வழக்கமாக இருந்தன. வெட்சியும் கரந்தையும் படித்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

இன்வர்னெஸுக்குக் கிழக்கே ஐந்து மைல் தொலைவில் கல்லோடன் என்னும் போர்க்களம் இருக்கிறது. 1746-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், அரியணையை இழந்த ஸ்டூவர்ட் மரபின் இளவரசர் சார்லஸ் எட்வர்டின் படை, அரசரின் மகனான கம்பர்லண்ட் கோமகனின் படையை இங்கே எதிர்த்தது. போர் ஒரு மணி நேரங்கூட நீடிக்கவில்லை. பீரங்கிக்கு எதிரே வாளேந்தி ஓடிவந்த குலத்தார் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அரசர் பக்கம் களத்தில் இறந்தோர் ஐம்பதின்மர் அளவே. இதனை ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த போர் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. காம்பெல்களும் மன்றோக்களும் அரசர் பக்கமே நின்றனர்.

இன்று அந்த இடம் ஒரு பெரும் புதர்வெளி. ஊதா நிறப் பூக்கள் பூக்கும் ஹெதர் செடிகளுக்கிடையே, புல் மூடிய நீண்ட மேடுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் குலப்பெயர் பொறித்த கரடுமுரடான கல். நம்மூர் நடுகற்களே நினைவுக்கு வந்தன. ஒரு கல்லில் 'கலந்த குலங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தது. இன்னார் என்று பிரித்தறிய இயலாதவர்கள். ஃபிரேசர் கல்லின் முன்னே யாரோ புதிய மலர்க்கொத்து ஒன்றை வைத்திருந்தனர். ஆனால் இக்கற்கள் போர் முடிந்தவுடன் நாட்டியவை அல்ல. 1881-ஆம் ஆண்டில், நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், அந்நிலத்தின் உரிமையாளர் நாட்டியவை.

போருக்குப் பின் சட்டங்கள் வந்தன. தலைவர்கள் பரம்பரையாக நடத்திவந்த வழக்குமன்றங்கள் 1747-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. அதற்கு ஈடாக அவர்களுக்குப் பணம் கிடைத்தது. மலைநாட்டு உடை ஆண்களுக்குத் தடைசெய்யப்பட்டது. முதன்முறை அணிந்தால் ஆறு மாதச் சிறை. மறுமுறை அணிந்தால் ஏழாண்டு நாடு கடத்தல். அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு வாயில் திறந்திருந்தது: அரசரின் படையில் சேர்ந்த சிப்பாய் அவ்வுடையை அணியலாம்.

அந்த வாயில் வழியே பல்லாயிரவர் நுழைந்தனர். அவர்களைத் திரட்டியவர்களுள் ஒருவரின் கதை விந்தையானது. ஜான் மெக்கென்சி என்னும் மெக்லியோட் பிரபு இளமையில் தந்தையோடு சேர்ந்து இளவரசருக்காகப் போரிட்டவர். கல்லோடனுக்கு முந்திய நாள் பிடிபட்டார். உயிர் தப்பினாலும் குடும்பத்தின் நிலம் போயிற்று. முப்பது ஆண்டு கழித்து, எந்த அரசை எதிர்த்தாரோ அதே அரசுக்காகத் தம் மலைநாட்டில் ஒரு படையைத் திரட்டினார். 1780-ஆம் ஆண்டு அப்படை சென்னையில் வந்திறங்கியது. அதன் ஒரு பகுதி அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில், கர்னல் பெய்லியின் கீழ், ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் சிக்கி அழிந்தது. 1784-இல் மெக்லியோட் பிரபுவுக்குக் குடும்ப நிலம் திரும்பக் கிடைத்தது. புள்ளலூர் வயல்களில் விழுந்தவர்களின் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது என்று நாங்கள் எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம்.

அன்று காஞ்சிபுரத்திலே படையோடு இருந்தும் பெய்லிக்கு உதவியாகச் சென்று சேராமல், கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கிய தளபதி சர் ஹெக்டர் மன்றோ. பக்சார் போரில் 1764-இல் வென்றவரும் அவரே. புள்ளலூர்ப் பழியை ஒருவாறு துடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு மறு ஆண்டே கிடைத்தது. 1781 நவம்பரில் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார். பிறகு ஊர் திரும்பி, தம் மாளிகைக்கு எதிரே உள்ள ஃபைரிஷ் மலையின் உச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாயிலைப் போல ஒரு சின்னத்தை எழுப்பினார்.

இன்வர்னெஸிலிருந்து வடக்கே செல்லும் இரயிலில் ஆல்னெஸ் என்னும் சிற்றூரில் இறங்கி, வாடகைக் காரில் மலையடிவாரம் சேர்ந்தோம். மலை ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு அடி உயரம். பைன் மரங்களுக்கிடையே செல்லும் பாதை கடினமானதன்று. ஆயினும் மிட்ஜ் என்னும் சின்னஞ்சிறு கடிபூச்சி கூட்டம் கூட்டமாக வந்து மொய்த்ததில், நம்மூர்க் கொசு எவ்வளவோ நாகரிகமுடையது என்ற முடிவுக்கு வந்தோம். உச்சியை அடைந்ததும் காற்று பூச்சிகளை அடித்துச் சென்றுவிட்டது. நடுவே மூன்று வளைவுகள். இருபுறமும் தனித்து நிற்கும் தூண்கள். யாவும் சீரற்ற கற்களை அடுக்கிக் கட்டியவை. கீழே குரோமார்ட்டிக் கடற்கழி வெள்ளித் தகடு போல் கிடந்தது. நாகப்பட்டினத்தில் அந்த டச்சுக் கோட்டை இன்று இல்லை. கடற்கரை ஊரின் வாயில், கடல் கடந்து, குளிரும் மூடுபனியும் சூழ்ந்த மலையின் மேல், எதற்கும் வாயிலாக இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

வேலையின்றி வாடிய மக்களுக்குக் கூலி கிடைக்கவே மன்றோ இதனைக் கட்டினார் என்றும், வேலை விரைவில் முடிந்துவிடாதபடி கற்களை உச்சியிலிருந்து கீழே உருட்டிவிட்டு மீண்டும் ஏற்றச் செய்தார் என்றும் அவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. அறச்செயலாகவே அதைச் சொல்கின்றனர். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. மக்கள் ஏன் வேலையின்றி இருந்தனர் என்பதையன்றோ முதலில் கேட்கவேண்டும்?

அதற்கு விடை அம்மலைக்குப் பின்னாலேயே இருக்கிறது. வழக்குமன்றமும் படையும் போனபின், தலைவனுக்கு ஆட்கள் தேவைப்படவில்லை, பணமே தேவைப்பட்டது. தென்பகுதியிலிருந்து வந்த ஆட்டுப் பண்ணையாளர், நூறு குடும்பம் தரும் வாரத்தைவிடப் பெரிய தொகையைத் தர முன்வந்தனர். ஃபைரிஷுக்குப் பின்னே கில்டர்மோரி என்னும் மன்றோவின் நிலம் காமரன் என்ற உடன்பிறந்தார் இருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. பக்கத்துப் பள்ளத்தாக்கு மக்களின் மாடுகள் பழைய மேய்ச்சல் நிலத்தில் நுழைந்தபோது அவர்கள் அவற்றைப் பிடித்து அடைத்தனர். 1792-ஆம் ஆண்டு கோடையில் சில நூறு பேர் திரண்டு, அம்மாவட்டத்து ஆடுகளையெல்லாம் ஓட்டித் தெற்கே துரத்தப் புறப்பட்டனர். ஒருவரையும் கொல்லவில்லை, ஓர் ஆட்டையும் திருடவில்லை. அவர்களைக் கலைக்க அனுப்பப்பட்டது ஒரு ஹைலாண்டுப் படை. நாடு கடத்தும் தண்டனை பெற்றவர்கள் இன்வர்னெஸ் சிறையிலிருந்து தப்பிவிட்டனர் என்றறிந்து எங்களுக்குச் சிறிது மகிழ்ச்சியே உண்டாயிற்று. கேலிக் மொழியில் அவ்வாண்டை 'ஆடுகளின் ஆண்டு' என்றே குறிக்கின்றனர்.

நிற்க. கடையில் கண்ட டார்ட்டன் துணிக்கு வருவோம். உடைத் தடை 1782-இல் நீங்கியது. ஒரு குலத்திற்கு ஒரு கட்டம் என்ற முறை அதன்பின்னரே உறுதிப்பட்டது. 1815-இல் லண்டனிலுள்ள ஹைலாண்ட் சங்கம் தலைவர்களுக்குக் கடிதம் எழுதி, தத்தம் குலத்துக்குரிய துணியை முத்திரையிட்டு அனுப்பக் கேட்டது. பலருக்குத் தம் குலத்துத் துணி எது என்றே தெரியவில்லை. 1822-இல் அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில் தலைவர்கள் யாவரும் டார்ட்டனில் தோன்றினர், அரசரே அணிந்தார். அங்கே மிடுக்காக நின்றவர்களுள் கிளென்கேரி மெக்டொனெல் ஒருவர். ரேபர்ன் வரைந்த அவருடைய ஓவியத்தை எடின்பரோ கலைக்கூடத்தில் கண்டோம். தலைமுதல் கால்வரை குலப்பெருமை! அவர் காலத்திலும் அவர் பெற்றோர் காலத்திலும் கிளென்கேரி மக்கள் கூட்டங்கூட்டமாகக் கனடாவுக்குக் கப்பலேறிவிட்டனர். ஒன்டாரியோவில் அவர்கள் குடியேறிய வட்டாரத்திற்கும் கிளென்கேரி என்றே பெயர். ஓட்டியவரின் பெயரைத்தான் ஓடியவர்கள் சுமந்து சென்றனர் என்று சினக்கத் தோன்றுகிறது. ஆனால் அது அவர்களுக்குத் தலைவனின் பெயரன்று, பள்ளத்தாக்கின் பெயர்.

இறுதி நாளில் அதே இரயில் பாதையில் இன்னும் வடக்கே சென்று ஆர்ட்கே நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து மேற்கே பத்து மைலில் குரோய்க் என்னும் இடம். முன்னதாகவே கார் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஊர் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மரங்கள் சூழ்ந்த சிறு தேவாலயம் ஒன்று. 1827-இல் பொறியாளர் தெல்ஃபோர்டு வகுத்த வரைபடத்தின்படி கட்டியது. 1845 மே மாதத்தில், அருகிலுள்ள கிளென்கால்வி என்னும் பள்ளத்தாக்கிலிருந்து பதினெட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. போக இடமின்றி அவர்களில் பெரும்பாலோர் இந்தத் தேவாலயத்தின் இடுகாட்டில், கம்பு நட்டுக் கம்பளியும் போர்வையும் விரித்துத் தங்கினர். கைக்குழந்தைகளும் இருந்தனர். லண்டன் டைம்ஸ் பத்திரிகை செய்தியாளரை அனுப்பி எழுதச் செய்தது. நிலத்தில் குடியிருப்போரை விருப்பம்போல் வெளியேற்றலாகாது என்ற சட்டம் வர 1886 வரை காத்திருக்க நேர்ந்தது.

கட்டடத்தின் கீழ்ப்புறச் சாளரத்தின் சிறு சிறு கண்ணாடிகளில், வெளிப்பக்கமாக, அவர்கள் கூரிய எதையோ கொண்டு கீறிய எழுத்துக்கள் இன்றும் இருக்கின்றன. கிளென்கால்வி மக்கள் இங்கே இடுகாட்டில் இருந்தார்கள் என்ற செய்தி, நாள், ஆண்டு, சில பெயர்கள். ஓரிடத்தில் தம்மையே கொடிய தலைமுறை என்று எழுதியிருக்கின்றனர். தாம் செய்த ஏதோ பாவத்தின் தண்டனை இது என்று நம்பினர் போலும். நிலத்துக்காரரைப் பற்றி ஒரு வசையும் எங்கள் கண்ணில் படவில்லை. அவர்கள் வீட்டில் பேசியது கேலிக் மொழி. கண்ணாடியில் எழுதியது ஆங்கிலம். யார் வந்து படிப்பார்கள் என்பதை எண்ணியே அப்படி எழுதினரோ என்னவோ. கேலிக் பேசத் தெரிந்தோர் இன்று ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரே.

உட்புறம் நின்று பார்த்தால் எழுத்துக்கள் இடம்வலம் மாறித் தெரியும். ஆதலால் மழைத் தூறலையும் பாராது வெளியே சென்று, ஒவ்வொரு கண்ணாடியாகக் குனிந்து படித்தோம். எங்களோடு கனடாவிலிருந்து வந்திருந்த முதிய தம்பதியர் இருவரும் தேடிக்கொண்டிருந்தனர். அந்த அம்மையார் கழுத்தில் ராஸ் குலத்துத் துண்டு. தம் பெயரை ஏதேனும் ஒரு கண்ணாடியில் காணலாம் என்ற ஆவல் அவர்களுக்கு. பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.