ஷீரடிக்கு டிக்கெட்... மாலேகானில் தரிசனம்!

என் நண்பன் இதுவரை 11 தடவை செத்திருக்கிறான்.

இரண்டு தடவை லாரியில் அடிபட்டு, மூன்று தடவை கத்திக்குத்து, ஒரு தடவை விஷம்... மீதி ஐந்து தடவை படம் ஆரம்பிக்கும்போதே வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருப்பான். எப்படிச் செத்தான் என்பது அவனுக்கே தெரியாது. டைரக்டரைக் கேட்டால், "அது செகண்ட் பார்ட்ல வரும் ப்ரோ" என்பார்.

பயந்துவிடாதீர்கள். நம்மாள் குறும்பட நடிகன். வாரத்தில் ஆறு நாள் சென்னையில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறான். ஏழாவது நாள் செத்துப்போகிறான். சம்பளம் ஒரு சிக்கன் பிரியாணி. பட்ஜெட் படம் என்றால் குஸ்கா.

நானும் அவனும் பி.காம். ஒரே பெஞ்ச். 2009-ல் கலைஞர் டி.வி.யில் 'நாளைய இயக்குநர்' வந்ததும், தமிழ்நாட்டில் காலேஜுக்கு நாற்பது டைரக்டர்கள் முளைத்தார்களே... அதில் நானும் ஒருத்தன். டைரக்டர் ஆவதற்கு 40 பேர் ரெடி. நடிக்க ஒரே ஒருத்தன்தான் ரெடி. அதுதான் நம்மாள்.

அவனிடம் ஒரு நீலப் பை உண்டு. உள்ளே ஒரு காக்கிச் சட்டை, கறுப்புக் கோட்டு, கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி, டப்பாவில் விபூதி, நைந்துபோன ஒரு கட்டம் போட்ட லுங்கி. எந்த டைரக்டர் எப்போது கூப்பிட்டாலும் பத்து நிமிஷத்தில் போலீஸ், வக்கீல், குருக்கள், பிணம். நடிக்க வேலையில்லாத நேரத்தில் தெர்மோகோல் பிடிப்பான், டீ வாங்கி வருவான், வேடிக்கை பார்க்க வரும் நாய்களைச் சமாதானப்படுத்துவான்.

2014-ல் நான் ஒரு 'சீரியஸ்' படம் எடுத்தேன். வாடகைக்கு ஃபைவ்-டி கேமரா, வாடகைக்கு லைட், கடனுக்குக் கதாநாயகன். அதில் நம்மாளுக்கு முதல்முறையாக உயிரோடு ஒரு வேஷம்! ஹீரோவின் அப்பா. மகனிடம் போனில் பேசுகிற ஒரு நிமிஷ ஸீன். பேசும்போது ஒரு கை விரல்களை என்னவோ போல் உருட்டிக்கொண்டே இருந்தான். "டேய், கையை ஏண்டா ஆட்டுறே? ஓவர் ஆக்டிங்" என்றேன். "சரி மாப்ளே" என்றான். அடுத்த டேக்கிலும் ஆட்டினான். எடிட்டிங்கில் மொத்த ஸீனையும் தூக்கிவிட்டேன்.

தூக்கியதை அவனிடம் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

பிரிவியூ அன்று குமாரபாளையத்திலிருந்து அவன் அம்மா பஸ் பிடித்து வந்திருந்தார். படம் 14 நிமிஷம் ஓடி முடிந்தது. அப்பா வரவே இல்லை. முதல் கைதட்டல் யாருடையது தெரியுமா? நம்மாளுடையது. என்னிடம் வந்து, "டைட்டில்ல பேரு வந்துச்சே மாப்ளே, அது போதும்" என்றான். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "சாப்பிட்டீங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு நான் படமே எடுக்கவில்லை. கலை உலகம் தப்பித்தது!

* * *

2025 பிப்ரவரியில் 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்' என்று ஒரு ஹிந்திப் படம் வந்தது. ரீமா காக்தி டைரக்ட் செய்தது. அன்று ராத்திரி பதினொன்றரைக்கு போன். "மாப்ளே, தியேட்டர்லேர்ந்து பேசறேன். அந்த ஊருக்கு ஒருதரம் போயிட்டு வரணும்டா." பின்னணியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

மாலேகான் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பேப்பரில் படித்த குண்டுவெடிப்புச் செய்திகள்தான். 2006-ல் ஒன்று, 2008-ல் இன்னொன்று. "அங்கே எதுக்குடா?" என்றேன். "நம்ம சொந்தக்காரங்க ஊர்டா" என்றான்.

வீட்டில் 'மாலேகான்' என்று சொன்னால் விடுவார்களா? 'ஷீரடி' என்றோம். உடனே விபூதி பூசி வழியனுப்பினார்கள். பொய்யில்லை. ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை சென்னையில் வாராந்திர ரயில் ஏறினோம். மறுநாள் பகலில் ஷீரடி. வியாழக்கிழமை பாபாவுக்கு விசேஷம். க்யூவில் நின்றே பாதி பாவம் கரைந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ். கோபர்காவ், யேவலா, மன்மாட்... ஷீரடியிலிருந்து மாலேகான் 100 கிலோமீட்டருக்குள்தான். யேவலாவில் பைதானிப் பட்டுச் சேலை பிரபலம். நம்மாள் ஜன்னலோரம் அமர்ந்து எல்லாக் கடை போர்டையும் எழுத்துக்கூட்டிப் படித்தான். வழியெங்கும் வெங்காய வாசனை. மன்மாட் பக்கத்தில் ஒரு மலை உச்சியில், யாரோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது மாதிரி ஒரு பாறை நிற்கிறது. "பாரு மாப்ளே, ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே டேக் ஓகே சொல்றாங்க" என்றான்.

மும்பை - ஆக்ரா நெடுஞ்சாலை மேல் இருக்கிறது மாலேகான். 2011 கணக்கெடுப்பிலேயே 4 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல். ஊர் நடுவில் மோசம் என்று ஒரு நதி. பெயர்தான் மோசம் என்று நினைத்தேன், தண்ணீரும் அப்படித்தான்! நதிக்கு ஒரு பக்கம் பெரும்பாலும் ஹிந்துக்கள், இன்னொரு பக்கம் பெரும்பாலும் முஸ்லிம் நெசவாளர்கள். 1857 கலகத்துக்குப் பிறகு வட இந்தியாவிலிருந்து தறியைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்களின் வாரிசுகள் பலர். இன்று எல்லாம் விசைத்தறி.

ஆனால், நாங்கள் போனபோது ஊரில் ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. "என்னடா, ஊரே தூங்குது?" என்றேன். எனக்குத் தெரிந்த ஹிந்தி 'ஏக் தோ தீன்' வரைதான். நம்மாள் டைல்ஸ் கடையில் மார்வாடி முதலாளியிடம் பழகியவன். டீக்கடையில் விசாரித்தான். வெள்ளிக்கிழமை தறிகளுக்கு வார லீவு. தொழுகை முடிந்ததும் பாதி ஊர் சினிமாவுக்குப் போய்விடும்.

சினிமா என்றால் சும்மா இல்லை, ஸார். 2023 நவம்பரில் சல்மான் கானின் 'டைகர் 3' ஓடியபோது தியேட்டருக்கு உள்ளேயே ராக்கெட் விட்ட ஊர் இது. அதைச் செய்தியில் படித்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால், ஆறு நாளும் தறி இரைச்சலில் 12 மணி நேர ஷிஃப்ட் நிற்கிறவனுக்கு ஏழாவது நாள் என்ன வேண்டியிருக்கும் என்று இந்த ஊரில் நின்று யோசித்தால் கொஞ்சம் புரிகிறது. (பட்டாசை மன்னிக்க முடியாது. அது வேறு!)

இந்த ஊரில்தான் நாசிர் ஷேக் என்று ஒருவர். வீடியோ பார்லர் வைத்திருந்தவர். இரண்டு வி.சி.ஆரை இணைத்து எடிட்டிங் கற்றுக்கொண்டார். 2000-ல், கல்யாண வீடியோ எடுக்கிற கேமராவில், ஊர்க்காரர்களையே வைத்து 'மாலேகான் கே ஷோலே' எடுத்தார். மொத்தச் செலவு சுமார் 50 ஆயிரம் ரூபாய் என்கிறார்கள். கப்பர் சிங் 'ரப்பர் சிங்' ஆனார். பசந்தி 'பாஸ்மதி' ஆனாள். கொள்ளைக்காரர்கள் குதிரைக்குப் பதில் சைக்கிளில் வந்தார்கள். ஊர் பிய்த்துக்கொண்டு போய்ப் பார்த்தது. ஒன்று மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உள்ளூரில் பெண்கள் நடிக்க வரமாட்டார்கள். ஹீரோயினை வெளியூரிலிருந்துதான் கூட்டிவர வேண்டும்.

அடுத்து சூப்பர்மேன்! அது எடுக்கப்பட்ட கதையைத்தான் ஃபைஸா அகமது கான் 2008-ல் ஆவணப்படமாக எடுத்தார். 2012-ல் அது தியேட்டரிலேயே ரிலீஸானது. சைக்கிளில் கேமராமேனை உட்கார வைத்துத் தள்ளினால் அதுதான் டிராலி. மாட்டுவண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்து மேலே போனால் அதுதான் கிரேன். பச்சைத் துணி முன்னால் ஆளைத் தூக்கிப் பிடித்தால் அதுதான் ஆகாயம். நடுவில் இருந்த ஒரே கேமராவும் தண்ணீரில் விழுந்தது!

அந்த சூப்பர்மேனாக நடித்தவர் ஷஃபீக் ஷேக். விசைத்தறித் தொழிலாளி. காற்றடித்தால் நிஜமாகவே பறந்துவிடுவார் போல அப்படி ஒரு ஒல்லி. 'அதிகம் பேசமாட்டார், சொன்னதைச் செய்வார்' ரகம். தண்ணீரில் குதி என்றால் குதி, தொங்கு என்றால் தொங்கு. நடுவில் அவருக்குக் கல்யாணமே நடந்தது. படத்தில் வில்லனுக்கு அழுக்கும் புகையிலை எச்சிலும் பிடிக்கும். சூப்பர்மேன் அவற்றை எதிர்த்துச் சண்டை போடுவார். நிஜத்தில் 2011-ல் வாய்ப்புற்றுநோயில் ஷஃபீக் இறந்துபோனார். ஹிந்திப் படத்தின் பிற்பாதி முழுக்க அதுதான். பிரிந்துபோன நண்பர்கள் எல்லாரும் ஒருத்தனைப் பறக்க வைப்பதற்காகத் திரும்பச் சேருவார்கள். நம்மாள் மூக்கை உறிஞ்சியது அந்த இடத்தில்தான்.

டீக்கடையில் நம்மாள் மொபைலில் தான் நடித்த படங்களைக் காட்ட ஆரம்பித்தான். ஐந்து நிமிஷத்தில் பெஞ்ச் நிறைந்தது. ஒரு பெரியவர், தானும் ஒரு படத்தில் கூட்டத்தில் நின்றவர்தான் என்றார். நம்மாள் கத்திக்குத்து வாங்கி விழுகிற காட்சியை இரண்டு முறை போடச்சொல்லிப் பார்த்தார். "விழறது சரியில்லே. குத்து வயித்திலே. நீ கழுத்தைப் பிடிக்கிறே" என்றார். 15 வருஷமாக எந்த டைரக்டரும் கண்டுபிடிக்காத தப்பு! டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

* * *

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் தங்கி, சனிக்கிழமை காலை மறுபடி நதியைத் தாண்டிப் போனோம். சந்துக்குள் நுழையும் முன்பே சத்தம் வந்து மார்பில் இடித்தது. டடக்-டடக்-டடக்... ஒரு தறி இல்லை. தெரு முழுக்க, அடுத்த தெரு முழுக்க. பேச்சு கேட்காது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

நம்மாள் பொத்திக்கொள்ளவில்லை. ஒரு பட்டறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே ஒரு தறிக்காரர். பாவு இழை ஒன்று அறுந்தது. தறியை நிறுத்தி, குனிந்து, இழையின் இரண்டு முனையையும் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஒரு உருட்டு உருட்டினார். பிணைந்துவிட்டது. மறுபடி டடக்-டடக்.

அந்த உருட்டல்... எங்கேயோ பார்த்திருக்கிறேனே?

திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்றபடி நம்மாளின் விரல்களும் காற்றில் அதையே செய்துகொண்டிருந்தன.

ஸார், குமாரபாளையத்திலும் தெருவுக்குத் தெரு விசைத்தறிதான். அவன் அப்பா தறி ஓட்டினவர் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் காலேஜ் சேரும் முன்பே அவர் போய்விட்டார் என்பதும் தெரியும். ஆனால், இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்கு 11 வருஷம் ஆகியிருக்கிறது. பி.காம். படித்து என்ன பிரயோஜனம்?

சந்தைத் தாண்டிச் சத்தம் குறைந்ததும் கேட்டேன். "அந்த அப்பா ஸீன்ல..."

"அப்பாவுக்குச் சும்மா இருக்கும்போதும் விரல் அப்படித்தான் ஓடும் மாப்ளே. சாப்பிடும்போதும், தூங்கும்போதும். அந்த லுங்கிகூட அவரோடதுதான்."

"அம்மா அதைப் பார்க்கத்தான் வந்தாங்களா?"

"விடுடா. படம் இழுவையா இருந்துச்சுன்னுதானே தூக்கினே. டைரக்டர் நீதானே?"

திட்டியிருந்தால் தேவலை. பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. இது முதல் வருஷம் முதல் பாடம். அவன் கணக்கில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒருத்தன் இருப்பான். உங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினவன், வீடு மாற்றும்போது பீரோவின் கனமான பக்கத்தைப் பிடித்தவன். போட்டோ ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். எதிலும் இருக்கமாட்டான். ஏனென்றால், போட்டோ எடுத்தவனும் அவனாகத்தான் இருப்பான்.

* * *

சென்னை திரும்பியதும் பரணில் ஏறினேன். பழைய ஹார்டு டிஸ்க் 'கர் கர்' என்றது. மூன்று நாள் கழித்து, ரிப்பேர்க்காரரிடம் 2,500 ரூபாய் அழுத பிறகு கிடைத்தது. 'அப்பா - டேக் 4.' 52 விநாடி. கட்டம் போட்ட லுங்கி. போனில் மகனிடம், "பணம் போட்டு உட்டுட்டன், நீ படிப்பப் பாரு" என்கிறான். விரல்கள் இழை பிணைக்கின்றன. ஓவர் ஆக்டிங்காம். நான் சொன்னேனாம்!

ஒரு வார்த்தைகூட வெட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனையும் இழுத்துக்கொண்டு குமாரபாளையம் போனேன். அன்று அவனுக்கு ஒரு ஷூட்டிங் இருந்தது. பிண வேஷம், பன்னிரண்டாவது. "இன்னிக்கு ஒரு நாள் உயிரோட இருடா" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

அவன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மொபைலைக் கையில் வாங்கினார். 52 விநாடியும் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கப்பன் ஏதுடா இத்தனை குண்டு?"

நம்மாள் அசடு வழிந்தான். நான் மொபைலை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இன்னொருக்கா போடு கண்ணு."