யாருடைய உடலுக்காக இந்த மருந்து?

புற்றுநோய்க்குப் புது மருந்து வந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம், மருத்துவமனை வரிசைகளில் நோயாளிகளோடு நிற்கும் சமூகப் பணியாளர்களான எங்களிடம் நம் மக்கள் கேட்பது ஒன்றுதான்: "நமக்குக் கிடைக்குமா?" ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு பதில் தேடுவோம்.

சைனோவியல் சார்கோமா, மென்திசுக்களில் வரும் அரிய புற்றுநோய். இளைஞர்களையே அதிகம் தாக்குகிறது. பெரும்பாலும் முழங்கால், தொடை போன்ற இடங்களில் மெதுவாக வளரும் கட்டியாகத் தொடங்கும். பலருக்கு ஆரம்பத்தில் வலிக்காது. 2024 ஆகஸ்டில் இதற்கான 'அஃபாமிசெல்' சிகிச்சைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களை எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும்படி மரபணுவில் மாற்றம் செய்து, மீண்டும் அவர் உடலிலேயே ஏற்றுகிறார்கள். ஏற்கெனவே கீமோதெரபி பெற்ற 44 பேரிடம் சோதித்ததில் 43 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களிலும் பாதிப்பேருக்கு 6 மாத அளவில் பலன் நின்றது. வேறு வழியற்றவர்களுக்கு இதுவே பெரிய விஷயம்தான்.

ஆனால் வாசலில் மூன்று சல்லடைகள் இருக்கின்றன.

முதலாவது, கட்டியில் 'மேஜ்-ஏ4' என்ற புரதம் இருக்க வேண்டும். இரண்டாவது, நோயாளியின் ஹெச்.எல்.ஏ. வகை. இது பெற்றோரிடமிருந்து வரும் திசு அடையாளம். ஏ2 குழுவில் 02:01, 02:02, 02:03, 02:06 ஆகிய நான்கில் ஒன்று இருந்தால்தான் இந்தச் சிகிச்சை. ஐரோப்பிய வம்சாவளியினரில் கிட்டத்தட்ட பாதிப்பேரிடம் ஏ2 உண்டு. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் குறைவு. இந்தியர்களிடமும் இந்த நான்கும் இருக்கின்றன. ஆனால் நம்மிடையே பரவலாக உள்ள 02:11 அந்தப் பட்டியலில் இல்லை.

இதைப் படித்ததும் "மரபணுவிலும் சாதி" என்று பதிவு போட்டுவிட வேண்டாம், தோழர்களே. எந்த ஹெச்.எல்.ஏ. வகையும் ஒரு சாதிக்குச் சொந்தமில்லை. இயற்கை வேறுபாட்டைத்தான் தந்தது. எந்த வகையை முதலில் ஆராய்வது, யாருக்காகப் பணம் போடுவது என்று முடிவு செய்தவர்கள் மனிதர்கள். நாம் கேள்வி கேட்க வேண்டியது அந்த முடிவுகளை.

மூன்றாவது சல்லடை விலை. அமெரிக்காவில் 7,27,000 டாலர்; சுமார் 6 கோடி ரூபாய். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் தருகிறது. விலை குறையவே குறையாதா? ரத்தப் புற்றுநோய்க்கான 'நெக்ஸ்கார்19' செல் சிகிச்சையை மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கின. 2023இல் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஏழைக்கு எட்டாததுதான். ஆனால் பொது நிறுவனங்கள் இறங்கினால் விலை இறங்கும் என்பதற்குச் சாட்சி.

இந்தச் சல்லடைகளுக்கு முன்னால், நம் ஊரிலேயே இன்னொன்று இருக்கிறது. செங்கல் சூளைக் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு முழங்காலுக்குப் பின்னால் கட்டி. "வலியே இல்லையே சார், ஒருநாள் வேலைக்குப் போகலைன்னா அட்வான்ஸ்ல ஏறிடும்" என்றார் அப்பா. மாதங்கள் கழித்து ஒரு சின்ன கிளினிக்கில் ஸ்கேன் எடுக்காமலே கட்டியை அறுத்தார்கள். வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பவும் இல்லை. கட்டி திரும்ப வந்த பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது. அவனைத் தடுத்தது ஹெச்.எல்.ஏ. அல்ல, சூளை முதலாளியின் முன்பணம்.

ஆகவே இரண்டு வேலைகள். 5 செ.மீ.க்கு மேல் உள்ள கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, ஆழத்தில் இருக்கும் கட்டி எதுவானாலும், வலிக்காவிட்டாலும், அறுப்பதற்கு முன் ஸ்கேனும் பயாப்சியும் வேண்டும் என்று உங்கள் தெருவில் சொல்லுங்கள். ஆய்வு மாணவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: நம் வரிப்பணத்தில் நடக்கும் புற்றுநோய் ஆய்வுகளில் யாருடைய ரத்தம் சேர்க்கப்படுகிறது, யாருடையது விடுபடுகிறது? தகவல் உரிமைச் சட்டம் நம் கையில்தான் இருக்கிறது.