லேட்டு யாரோட கணக்கு?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கமான பொய்யைச் சொல்ல விரும்பல. ஆணி புடுங்கறதை விட, ஆணி புடுங்கப் போற வழியிலதான் என் ஆயுசுல பாதி போவுது. இன்னிக்கி அந்தப் புலம்பல்தான். ரயில் புலம்பல் கேட்டுக் கேட்டு காது புளிச்சவங்க இப்பவே அப்பீட்டு ஆயிக்கலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

முதல்ல ஊர்ப் புராணம். நமக்கு மாதவரம். பால் பண்ணை உண்டு, லாரிங்க உண்டு, குடோன் உண்டு, 2018லேர்ந்து ஆந்திரா பஸ்ஸுங்க வந்து நிக்கிற பெரிய பஸ் நிலையமும் உண்டு. ரயில் ஸ்டேஷன் மட்டும் கிடையாது. பெரம்பூர், வில்லிவாக்கம், கொருக்குப்பேட்டைன்னு சுத்தி எல்லா இடத்துலயும் இருக்கு. நடுவுல நாங்க மட்டும் பந்திக்குக் கூப்பிடாம விட்ட சொந்தக்காரன் மாதிரி.

இப்ப அந்தக் குறையும் தீரப் போவுதுன்னு ஏரியாவே குஷியா இருக்கு. மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல மூணாவது வழித்தடமும் அஞ்சாவது வழித்தடமும் ஆரம்பிக்கிறதே எங்க ஊருலேர்ந்துதான். 2022 அக்டோபர்ல சுரங்கம் தோண்டற மெஷினை இங்க பால் பண்ணைப் பக்கம்தான் இறக்கினாங்க. "உங்களுக்கென்ன சார், மாதவரத்துலேர்ந்து நேரா சிப்காட்டுக்கு மெட்ரோ வருதாமே! வீட்டு வாசல்ல ஏறினா ஆபீஸ் வாசல்ல இறங்கலாம்"னு தெரிஞ்சவங்க எல்லாம் வாழ்த்து சொல்றாங்க.

அவங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது? அது சிறுசேரி சிப்காட்டு. தெற்கே. நான் தினம் போறது கும்மிடிப்பூண்டி சிப்காட்டு. வடக்கே. அவ்வ்வ்வ்வ்.

ரெட்ஹில்ஸ் வழியா பைக்ல போலாமேன்னு கேப்பீங்க. போனேன், ரெண்டு வருஷம். ஒரு மழை நாள்ல ட்ரெய்லர் லாரிக்குப் பக்கத்துல வழுக்கி விழுந்து முழங்கால் தேஞ்சதோட தங்கமணி 144 போட்டுட்டாங்க. பஸ்ஸுக்கு ஆகற காசும் நேரமும் கட்டுப்படியாகல. அதனால, பைக்கை எடுத்துக்கிட்டு மூலக்கடை, கொடுங்கையூர் தாண்டி, குப்பைமேட்டு வாசனையை மூக்கு நிறைய வாங்கிக்கிட்டு கொருக்குப்பேட்டை. அங்க வண்டியை நிறுத்திட்டு கும்மிடிப்பூண்டி எலெக்ட்ரிக் ட்ரெயின். சீசன் டிக்கெட்டு. இதான் என் தினப்படி.

எங்க லைன் ஒண்ணும் லேசுப்பட்ட லைன் இல்லீங்க. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி கிளம்பினது இதோ பக்கத்துல ராயபுரத்துலேர்ந்துதான். சென்ட்ரல் எல்லாம் அதுக்கப்புறம் 1873ல வந்த சின்னப் பையன். ரயிலுக்கு அகவை நூத்தி அறுபதைத் தாண்டிடுச்சு. எங்க வண்டிக்கு மட்டும் இன்னும் மணி பார்க்கக் கத்துக்கொடுக்கல.

ஏன் லேட்டாவுதுன்னு வருஷக்கணக்கா ஜன்னல் ஓரம் உக்காந்து நானே கண்டுபிடிச்ச ஆராய்ச்சி முடிவு இது. தாம்பரம் பக்கம் இருக்கறவங்களுக்கு மின்சார ரயில்னா அதுக்குன்னு தனியா லைன். எங்களுக்கு அந்தக் குடுப்பினை முழுசா இல்ல. இது கூடூர் வழியா டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போற மெயின் ரூட். கிராண்ட் டிரங்க் இதுலதான், கோரமண்டல் இதுலதான். போதாக்குறைக்கு எண்ணூர் துறைமுகத்துல இறங்கற நிலக்கரி மேட்டூர் அனல் மின் நிலையம் வரைக்கும் கூட்ஸ்லதான் போவுது. அத்திப்பட்டு தாண்டினா போக ஒண்ணு, வர ஒண்ணு. இதுல எக்ஸ்பிரஸ் பின்னாடி வந்தா, எங்களை ஓரமா லூப் லைன்ல தள்ளி நிக்க வச்சிட்டு அதை முதல்ல விடுவாங்க. அது தடதடன்னு போகும், நாங்க ஆன்னு பாத்துக்கிட்டு நிப்போம். அதுவும் நியாயம்தான். டெல்லி வரைக்கும் போறவனையும் மீஞ்சூர்ல இறங்கறவனையும் ஒண்ணா வச்சுப் பாக்க முடியுமா? ஆனா தினமும் காலைல விட்டுக்கொடுக்கறது நாங்களாவே இருக்கோம்ல, அதான் உறுத்துது.

பெரிய பெரிய கோளாறுங்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப பேசின்பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவுல பாலத்துகிட்ட தண்ணி ஏறி, சென்ட்ரல்லேர்ந்து கிளம்ப வேண்டிய வண்டிங்களே ரத்தாச்சு. இயற்கை, என்ன பண்றது. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை ராத்திரி, நான் தினம் தாண்டற கவரைப்பேட்டையில, மைசூர்லேர்ந்து தர்பங்கா போற பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைன்ல போறதுக்குப் பதிலா லூப் லைனுக்குள்ள பூந்து, நின்னுக்கிட்டிருந்த கூட்ஸ் மேல மோதிச்சு. உயிர்ச்சேதம் இல்லாம தப்பிச்சது கடவுள் புண்ணியம். அந்த வாரம் வண்டி லேட்டுன்னு யாரும் வாயைத் திறக்கல. புரண்டு கிடந்த பெட்டிங்களைப் பாத்தப்புறம், லேட்டா வந்தாலும் பரவால்ல ஒழுங்கா வந்தா போதும்னு ஆயிடுச்சு. 2023 ஆகஸ்டுல, நாலாவது லைன் போடறோம், ஏழு மாசம்னு சொல்லி பீச் - சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலை நிறுத்தினாங்களே, அது திரும்ப ஓட 2024 அக்டோபர் கடைசி ஆச்சு. பதினாலு மாசம். அதையும் விடுங்க. குறைஞ்சது தேதி சொல்லி நிறுத்தினாங்க.

எனக்குத் தாங்காதது தினப்படி லேட்டுதான். பேப்பர்ல வராத லேட்டு. இருபது நிமிஷம், முப்பத்தஞ்சு நிமிஷம். ஏன் நிக்குது, எப்பக் கிளம்பும்னு ஒரு வார்த்தை சொல்லாத லேட்டு.

சரி, இப்ப மேட்டருக்கு வரேன். இதை எழுதணுமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன்.

நான் ஒரு கம்பெனியில ஷிப்ட் இன்சார்ஜ். பேரு வேணாம். என் கீழ முப்பது பேருக்கு மேல கான்ட்ராக்ட் ஆளுங்க. அதுல ஏழெட்டு பேர் என் வண்டியிலயே வருவாங்க. நான் கொருக்குப்பேட்டைல ஏறுவேன், அவங்க திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டுன்னு ஏறுவாங்க. அதுல ஒரு அக்கா. எண்ணூர்ல ஏறுவாங்க. வீட்டுக்காரர் இல்ல, பொண்ணு ஏழாவது படிக்குது. வண்டி கொசஸ்தலை ஆத்துப் பாலம் ஏறும்போது டிபன் பாக்ஸைத் திறந்து ரெண்டு இட்லியை வேகவேகமா முழுங்குவாங்க. "வீட்டுல உக்காந்து சாப்ட்டு ரொம்ப வருசமாச்சு சார்"னு ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. அத்திப்பட்டு தாண்டி, நந்தியம்பாக்கத்துக்கு முன்னாடி, வயக்காட்டு ஓரமா வண்டி நின்னுச்சு. ஃபேன் நின்னுச்சு. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். மேல கரண்டு கம்பில பிரச்சினைன்னு யாரோ யாருக்கோ போன் பண்ணிச் சொன்னாங்க. பசங்க குதிச்சு தண்டவாளத்து ஓரமா நடக்க ஆரம்பிச்சாங்க. அந்த அக்கா எட்டிப் பாத்துட்டு, உயரத்தைப் பாத்து பயந்து உள்ள வந்துட்டாங்க. அப்பறம் என்கிட்ட வந்து, "சார், நீங்களும் இதே வண்டிலதான இருக்கீங்க? இன்னிக்கி லேட்டு போட மாட்டாங்கல்ல?"

"நான்தான் இருக்கேன்ல அக்கா, பாத்துக்கறேன்"னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

வண்டி கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தப்ப ஒண்ணேகால் மணி நேரம் லேட்டு. கேட்டுல எனக்கு ஒரு மெஷின், கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு வேற மெஷின். நான் விரலை வச்சேன், நன்றின்னு சொல்லிச்சு. எனக்கு மாசச் சம்பளம், லேட்டா வந்தா சாயந்திரம் கொஞ்ச நேரம் கூட இருந்துட்டா போச்சு. அவங்களுக்கு பதினஞ்சு நிமிஷம் தாண்டினா அரை நாள் கட்டு. மாசத்துல மூணு லேட்டு ஆச்சுன்னா வருகைக்குத் தர்ற போனஸும் போயிடும். அந்த அக்காவுக்கு அது மூணாவது லேட்டு. முதல் ரெண்டும் இதே வண்டியாலதான்.

மாசக் கடைசியில வருகைப் பட்டியல் என் டேபிளுக்கு வந்துச்சு. அவங்க பேருக்கு எதிர்ல அரை நாள் வெட்டு, போனஸ் இல்ல. அடியில நான் கையெழுத்து போடணும். மேல போய்ச் சொல்லியிருக்கலாம். "அதே வண்டியில நானும் வந்தேன், எனக்கு வெட்டல, அவங்களுக்கு மட்டும் ஏன்?"னு கேட்டிருக்கலாம். கேட்டா, அப்ப உனக்கும் வெட்டறேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். ஏதோ ஒரு இன்க்ரிமென்ட் சமயம் வேற. போட்டுட்டேன் கையெழுத்து.

அந்த அக்கா ஒரு வார்த்தை கேக்கல. சண்டை போட்டிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். அடுத்த வாரத்துலேர்ந்து அவங்க நம்ம வண்டியில இல்ல. வேலைய விட்டுட்டாங்களோன்னு பதறிட்டேன். இல்ல, ஒரு வண்டி முன்னாடியே வர ஆரம்பிச்சுட்டாங்க. நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சு, பொண்ணை எழுப்பாமலே சோறு கட்டி வச்சிட்டு, கம்பெனி கேட்டுக்கு வெளிய முக்கால் மணி நேரம் உக்காந்திருக்காங்க. நான் இறங்கி ஷேர் ஆட்டோல போறப்ப, "வணக்கம் சார்"னு எந்திரிக்கிறாங்க. எனக்கு மூஞ்சியைப் பாக்க முடியல.

அன்னிக்கித்தான் மண்டையில உறைச்சுது. லேட்டாறது வண்டி. அந்த லேட்டுக்குத் தூக்கத்தையும் கூலியையும் கட்டறது எண்ணூர்ல ஏறுற ஒரு அம்மா. நடுவுல கையெழுத்து போட்டு அதை வசூல் பண்ணிக் கொடுக்கறது நான். இத்தனை வருஷமா ரயில்காரங்களையே திட்டிக்கிட்டிருந்தேனே!

ஜப்பான்ல ரயில் லேட்டானா ஸ்டேஷன்லயே ஒரு துண்டுச் சீட்டு தருவாங்க, தாமதச் சான்றிதழ். இன்ன தேதி, இத்தனை நிமிஷம் லேட்டுன்னு இருக்கும். ஆபீஸ்ல நீட்டினா ஒத்துக்குவாங்க. இப்ப அதை நெட்லயும் எடுத்துக்கலாம். நம்ம ஊர்ல ரிசர்வேஷன் டிக்கெட்டுக்கு, மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டாகி நாம ஏறாம விட்டா முழுக் காசு திரும்ப வரும். சீசன் டிக்கெட்டுக்கு என்ன உண்டு? ஜம்முவுக்கு நாலு மணி நேரம் லேட்டாப் போன ரயிலால விமானத்தை விட்டவருக்கு, லேட்டுக்கு சரியான காரணம் காட்டலேன்னா நஷ்டஈடு கொடுத்துத்தான் ஆகணும்னு 2021ல உச்ச நீதிமன்றமே சொல்லிச்சு. நல்ல தீர்ப்பு. ஆனா அரை நாள் கூலிக்காக எண்ணூர்லேர்ந்து டெல்லிக்கு யார் போவா?

அப்பறம் ஒரு காரியம் பண்ணேன். பெருமைக்காகச் சொல்லல, பண்ண வேண்டியதை லேட்டா பண்ணேன், அவ்வளவுதான். நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, தினம் கும்மிடிப்பூண்டில இறங்கினதும் தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம் எழுத ஆரம்பிச்சேன். ஸ்டேஷன் கடிகாரத்தோட போட்டோவும் போன்ல எடுத்து வச்சேன். மூணு மாசம் கழிச்சு அதைக் கொண்டுபோய் மேல வச்சேன். "இந்த வண்டியில நானும் வரேன் சார். இவங்களுக்கு வெட்டறதா இருந்தா எனக்கும் வெட்டுங்க." சொல்லும்போது தொண்டை வறண்டுபோச்சு, நிஜமா.

புரட்சி எல்லாம் வெடிக்கல. பத்து நாள் கழிச்சு, வண்டி லேட்டுன்னு இன்சார்ஜ் எழுதிக் கொடுத்தா ஒரு மணி நேரம் வரைக்கும் லேட்டா எடுத்துக்கறதில்ல, ஆனா மாசத்துக்கு நாலு தடவைதான்னு சொன்னாங்க. பழைய வெட்டு வெட்டினதுதான். நாலு தடவைங்கறது எங்க லைனுக்கு யானைப் பசிக்கு சோளப்பொரி. இருந்தாலும் வாங்கிக்கிட்டேன்.

அந்த அக்காகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். "இனிமே நம்ம வண்டிக்கே வரலாம் அக்கா, நான் எழுதிக் கொடுத்துடறேன்."

அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "பழகிடுச்சு சார். இப்பிடியே வந்துடறேன்"னாங்க.

நம்பல. நம்பற மாதிரி நான் ஒண்ணும் பண்ணலையே. நோட்டுல மட்டும் இன்னும் தினம் எழுதிக்கிட்டிருக்கேன். ரெண்டாவது நோட்டு ஓடுது. இன்னிக்கி இருபத்திரெண்டு நிமிஷம்.

பி.கு: உங்க ஆபீஸ்ல லேட்டா வர்றவங்க பட்டியல்ல கையெழுத்து போடற இடத்துல யாராவது இருந்தீங்கன்னா, அவங்க எந்த வண்டியில வராங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அவ்ளோதான். வரட்டா?