காயம்பட்டதும் கணக்கே

சஃபாரி என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது தாலுகா அலுவலக வாசல்தான். எண்பதுகளில் அதிகாரிகள் அணிந்த, நான்கு பைகள் வைத்துத் தைத்த அந்தச் சாம்பல் நிற உடை. சுவாஹிலியில் அச்சொல்லுக்கு வெறுமனே 'பயணம்' என்றுதான் பொருள் என்பதும், அது அரபு மொழியிலிருந்து வந்தது என்பதும் 2008இல் டான்சானியாவின் அரூஷா நகரில் வேலைக்குப் போய் இறங்கிய பிறகே தெரிந்தன. அங்கே பேருந்துகளின் முதுகில் 'சஃபாரி ந்ஜேமா' என்று எழுதியிருப்பார்கள். பயணம் நலமாகுக.

நாங்கள் இருவர். வெளிநாட்டவருக்கு வேட்டைப் பயணம் நடத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஒருவர் ரசீது எழுத, மற்றவர் கிடங்கு இருப்பையும் அனுமதிப் பத்திரங்களையும் பார்த்துக்கொண்டோம். இருவருமே பிறந்ததிலிருந்து மாமிசம் தொடாதவர்கள். எங்கள் கையில் முதலில் தரப்பட்ட தாள் விலைப்பட்டியல். இம்பாலா, வரிக்குதிரை, காட்டெருமை, சிறுத்தை, சிங்கம் என்று வரிசையாக எழுதி எதிரே டாலரில் தொகை. மாதாந்திர மளிகைச் சீட்டைப் படிப்பதுபோல் இருந்தது. ஒரு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்போது வேட்டைப் பருவம் ஜூலை 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிந்தது. வருகிறவர் தம் விருப்பப்படி காட்டுக்குள் புகுந்துவிட முடியாது. உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் வழிகாட்டியாக உடன் செல்ல வேண்டும். அரசின் வனவிலங்குக் காவலர் ஒருவரும் துப்பாக்கியோடு கூடவே இருப்பார். சிங்கமும் யானையும் வேண்டுமென்றால் 21 நாள் பயணத்துக்குப் பணம் கட்ட வேண்டும். நாள் வாடகை நிறுவனத்துக்கு, விலங்குக்கான கட்டணம் அரசுக்கு. பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு விதி இருந்தது: காயம்பட்டுத் தப்பிய விலங்கும் கொல்லப்பட்டதாகவே கணக்கில் கொள்ளப்படும்.

ஊரிலிருந்து நண்பர்கள் மின்னஞ்சலில் கடிந்துகொண்டார்கள். அருகிலிருக்கும் கென்யா 1977இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டதே என்றார்கள். உண்மைதான். ஆனால் அலுவலகத்தில் இருந்தவர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள். எங்கள் முகாம் இருந்த செலூஸ் வனவிலங்குக் காப்பகம் அப்போது ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையதாக இருந்தது. ஈ கடிக்கும் அந்தப் புதர்க்காட்டுக்குப் படம் பிடிக்கும் பயணிகள் அதிகம் வரமாட்டார்கள். வேட்டைப் பணம் நின்றால் காவலருக்குச் சம்பளம் ஏது என்பது அவர்கள் வாதம். அதை நாங்கள் பாதி நம்பினோம். பின்னாளில் நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்தப் பாதியும் அசைகிறது. எழுபதுகளில் ஒரு லட்சத்துக்கு மேலிருந்த செலூஸ் யானைகள், வேட்டைப் பணம் வந்துகொண்டிருக்கும்போதே தந்தக் கள்ளர்களிடம் சிக்கி, 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 13,000 அளவுக்கு இறங்கிவிட்டன. 2019இல் காப்பகத்தின் பெரும்பகுதியைப் பிரித்து நியெரெரே தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.

செப்டம்பரில் இருப்புச் சரிபார்க்க முகாமுக்குப் போனோம். சிறு விமானம், செம்மண் ஓடுதளம். நீலச் சட்டை போடாதீர்கள், ட்ஸெட்ஸி ஈ நீலத்தைத் தேடி வரும் என்று சொல்லியிருந்தும் எங்களில் ஒருவர் நீலத்தில் போய் இறங்கினார். அதன் பலனை மூன்று நாள் அனுபவித்தார். தோல் உரிக்கும் கொட்டகையில் உப்பு மூட்டைகளை எண்ணும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டோம். உரிப்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பில் குத்தல் இல்லை.

பெரிய விலங்கு விழுந்தால் முகாம் ஆட்கள் பாடிக்கொண்டே வண்டியை எதிர்கொள்வது வழக்கம். இரண்டாம் நாள் மாலை வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. விருந்தாளி ஒரு காட்டெருமையைச் சுட்டிருக்கிறார், அது விழவில்லை. மறுநாள் காலை எங்களையும் பின்வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள், இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. முன்னால் தடம் பார்ப்பவர் நடந்தார். அறுபதைத் தாண்டிய வயது. நாங்கள் 'ஷிகமூ' என்று வணங்கினால் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்ளும் பெரியவர். ஒரு புல்லைக் கிள்ளி வழிகாட்டியிடம் நீட்டினார். ரத்தம் கருஞ்சிவப்பாக இருந்தது. நுரைத்து வெளிர்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கும், விலங்கு வெகுதூரம் போகாது. இது அப்படியில்லை என்று ஓட்டுநர் எங்களுக்கு விளக்கினார். நண்பகலில் தடம் ஒரு வறண்ட ஆற்றைக் கடந்து ஆளுயரப் புல்லுக்குள் போயிற்று.

வழிகாட்டி தொடர வேண்டும் என்றார். விருந்தாளிக்கோ நான்கு நாள்தான் மிச்சம். சிறுத்தைக்காக மரத்தில் இம்பாலாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நாள் பெரியவரும் காவலரும் மட்டும் போய்த் தேடினார்கள். அதற்கடுத்த நாள் யாரும் போகவில்லை.

அந்த மாதங்களில் நாங்கள் ஹெமிங்வேயின் ஆப்பிரிக்க வேட்டை நூலைப் படித்துக்கொண்டிருந்தோம். 1933-34இல் இதே நாட்டில் அவர் வேட்டையாடியதை வைத்து எழுதியது, 1935இல் வெளிவந்தது. பெருமிதம் மிகுந்த புத்தகம், சில இடங்களில் எரிச்சலூட்டுவதும்கூட. ஆனால் அதன் கடைசிப் பகுதியில், வளைந்த கொம்புடைய ஸேபிள் மான் ஒன்றைக் காயப்படுத்தி, தேடிக் கிடைக்காமல் அவர் திரும்புகிறார். விட்டுவிட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அவர் எழுதியிருக்கிறார்.

எங்கள் விருந்தாளி ரசீதில் காட்டெருமையைப் பார்த்துச் சீறினார். தோட்டா உரசித்தான் போனது என்றார். காவலர் அனுமதிப் பத்திரத்தின் பின்புறம் 'காயம்' என்று எழுதிவிட்டதால் அரசுக்கான கட்டணம் கட்டியே தீர வேண்டும். அதை நிறுவனமே கட்டிக்கொள்ளும், ரசீதில் வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு அவர் இரண்டு நண்பர்களை அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தாராம். பழைய வாடிக்கையாளர் தள்ளுபடி என்ற தலைப்பில் அதை நாங்கள் கரைத்தோம். சட்டப்படி ஒரு பைசா குறையவில்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

டிசம்பர் கடைசியில் முகாம் மூடி ஆட்கள் சம்பளம் வாங்க வந்தார்கள். பெரியவர் பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்த ம்போகோவை எழுதினீர்களா?" என்று கேட்டார். ம்போகோ என்றால் காட்டெருமை.

"எழுதினோம், ம்ஸே."

"நல்லது. அது பிழைத்திருந்தால் அந்தப் புல்லை விட்டுப் போகாது. அடுத்த பருவத்தில் அங்கே நடப்பவனுக்குத் தெரிய வேண்டும்."

அவர் போனபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பருவ அறிக்கையை நாங்கள் ரசீதுகளிலிருந்துதான் தொகுத்திருந்தோம். முகாம்களுக்கு அதன் பிரதி போய் இரண்டு நாளாகியிருந்தது. அதில் காட்டெருமை இல்லை.

ஒரு தனித் தாளில் எழுதி, முதல் சரக்கோடு முகாமுக்கு அனுப்பச் சொல்லிக் கிடங்கில் கொடுத்தோம். மார்ச்சில் எங்கள் ஒப்பந்தம் முடிந்தது. தாள் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே ஊர் திரும்பினோம். இடத்தைக் குறிக்க எங்களுக்கு வரத் தெரியவில்லை. வறண்ட ஆற்றைக் கடந்து இடப்பக்கம், இரண்டு பாவோபாப் மரங்களுக்கு அப்பால், உயரமான புல் என்று எழுதியிருந்தோம்.