மட்டக்குதிரைக்குப் பாடம் எடுத்த கதை

குதிரைன்னா எனக்குத் தெரிஞ்சது மூணு வகைதான். எங்க ஊர் கண்மாய்க்கரையில அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரை, மெரினாவுல குழந்தைங்களை ஏத்திட்டுப் போற நோஞ்சான் குதிரை, அப்புறம் சினிமாவுல ஹீரோ ஏறினதுமே பறக்கிற குதிரை. இந்த மூணுக்கும் முன்கதைன்னு ஒண்ணு இருக்கும்னு நான் யோசிச்சதே இல்லை. (மண்குதிரைக்கு வேளார் இருக்கார், சரி.)

பொட்டி தட்டுற வேலைக்காக 2022ல சவுத்தாம்ப்டன் வந்தேன். இங்கேருந்து ரயில்ல கொஞ்ச நேரம் போனா நியூ ஃபாரஸ்ட். பேருதான் 'புதுக்காடு'. 1079ல முதலாம் வில்லியம் தன் வேட்டைக்குன்னு வளைச்சுப் போட்ட காடு, கிட்டத்தட்ட 950 வருஷப் பழசு. அங்க ரோட்டுல, டீக்கடை வாசல்ல, பஸ் ஸ்டாப்புலன்னு எங்க பார்த்தாலும் மட்டக்குதிரைங்க சுத்தும். பார்க்கிறவங்க காட்டுக்குதிரைன்னு நினைப்பாங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஓனர் உண்டு. காட்டுல மேய்ச்சல் உரிமை உள்ள குடும்பங்களோட குதிரைங்க அதெல்லாம். வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை முடியுற சமயத்துல ஆரம்பிச்சு, வளைச்சுப் பிடிச்சு, பூச்சி மருந்து கொடுத்து, வாலை வெட்டிவிடுவாங்க. வால்முடியை எப்படி வெட்டியிருக்குங்கிறதை வெச்சே இது எந்த அஜிஸ்டரோட ஏரியான்னு சொல்லிடலாம். அஜிஸ்டர்னா அந்தக் குதிரைங்களைக் கவனிச்சுக்கிற ஆள். நம்ம ஊர்ல ஆட்டுக்குக் காதுல அடையாளம் போடுறாங்களே, அந்த மாதிரி.

அப்படி ஒரு குடும்பத்துல, அறுபது தாண்டின ஒரு அம்மா வெச்சிருக்கிற சின்ன லாயத்துல 2023 செப்டம்பர்லேருந்து சனி ஞாயிறு சம்பளமில்லாத எடுபிடியா இருக்கேன். எங்கம்மாவுக்கு இது பிடிக்கலை. "சாணி அள்ளவாடா உன்னை இஞ்சினியருக்குப் படிக்க வெச்சோம்?"னு போன்ல கேட்டாங்க. குதிரை போடுறது சாணி இல்லம்மா, லத்தின்னு திருத்தினேன். போனை வெச்சுட்டாங்க :-)

நான் போய்ச் சேர்ந்த அதே மாசம் காட்டுலேருந்து பிடிச்சு வந்த ரெண்டரை வயசுப் பெட்டைதான் பிராக்கன். அங்க மண்டிக் கிடக்கிற ஒரு காட்டுச்செடியோட பேரு அது. இலையுதிர் காலத்துல அந்தச் செடி எந்த நிறத்துல காயுமோ அதே செம்பழுப்பு நிறம். மனுஷன் கைபட்ட அனுபவம் அவளுக்கு அந்த வருஷாந்திரப் பிடிப்புல மட்டும்தான். அதாவது கை படுதுன்னா கலவரம்னு அர்த்தம்.

முதல் மூணு வாரம் நான் பண்ணின வேலை என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. பட்டிக்குள்ள போய் சும்மா நிக்கணும். அவ்வளவுதான். அவளைப் பார்க்கக்கூடாது, நேரா நடக்கக்கூடாது, தோளைத் தளர்த்தி வெச்சுக்கணும். குதிரைக்குக் கண்ணு ரெண்டும் தலையோட பக்கவாட்டுல இருக்கிறதால கிட்டத்தட்ட சுத்துவட்டம் முழுக்கத் தெரியும். நெத்திக்கு நேர் முன்னால கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னாலயும்தான் குருட்டு இடம். பின்னாலேருந்து போனா உதை வாங்குறதுக்குக் காரணம் அதோட கெட்ட குணம் இல்லை, வர்றது புலியா ஆளான்னு அதுக்குத் தெரியாது.

நாலாவது வாரம் நான் அவ பக்கமா ஒரு அடி வெச்சேன். அவ காது என் பக்கம் திரும்புச்சு. "இப்ப பின்னால வா"ன்னாங்க அந்தம்மா. எனக்குப் புரியலை. கிட்டப் போகத்தானே இத்தனை நாள் நின்னோம்? "நீ வர்றது அவளுக்குப் பாரம். அவ ஓடாம நின்னா அந்தப் பாரத்தை எடுத்துடு. நின்னா நிம்மதி கிடைக்கும்னு அவளே கண்டுபிடிக்கட்டும்."

மொத்தப் பயிற்சிக்கும் அடிப்படை இதுதான். தலைக்கயிறு மாட்டுறதுலேருந்து முதுகுல ஏறுற வரைக்கும் இதுவேதான் திரும்பத் திரும்ப வருது. கயிறை லேசா இழுத்துப் பிடி, குதிரை ஒரு இம்மி உன் பக்கம் சாஞ்சா அந்த நொடியே விட்டுடு. மார்புல விரலை வை, பின்னால ஒரு அடி எடுத்து வெச்சா விரலை எடு. இழுக்கிறது பாடம் இல்லை, விடுறதுதான் பாடம். உளவியல்ல இதுக்கு நெகடிவ் ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட்னு பேரு. நிறையப் பேர் இதை தண்டனைன்னு புரிஞ்சுக்கிறாங்க. தண்டனை வேற. பிடிக்காத ஒண்ணைச் சரியான நேரத்துல எடுத்துடறது இது.

சிக்கல் அந்த 'சரியான நேரத்துல'தான். ரெண்டு செகண்ட் லேட்டா விட்டா, அந்த ரெண்டு செகண்ட்ல அது என்ன பண்ணிட்டிருந்துச்சோ அதுக்குத்தான் பரிசு கிடைச்சதா குதிரை எடுத்துக்கும். தலையை உதறுற நேரம் பார்த்து விட்டா, தலையை உதறினா விட்டுருவாங்கன்னு கத்துக்கும். நம்ம பொழப்புல தப்பா ஏத்தின கோடைப் பழைய வெர்ஷனுக்கு மாத்திடலாம். இங்க அன்டூ கிடையாது. ஒரு தடவை பயந்த இடத்தை வருஷக்கணக்கா ஞாபகம் வெச்சிருக்கும்.

நாம விடுறதுக்கு முன்னாடியே நாம விடப்போறோம்னு அதுக்குத் தெரிஞ்சிடுதோன்னு கூட எனக்குச் சந்தேகம். 1904ல பெர்லின்ல 'புத்திசாலி ஹான்ஸ்'னு ஒரு குதிரை பெரிய பரபரப்பா இருந்துச்சு. ஃபான் ஓஸ்டன்னு ஒரு கணக்கு வாத்தியார் வளர்த்தது. கணக்கு கேட்டா குளம்பைத் தட்டி விடை சொல்லும். கமிஷன் எல்லாம் போட்டு ஆராய்ஞ்சாங்க, ஏமாத்து வேலை எதுவும் சிக்கலை. அப்புறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்னு ஒருத்தர் பொறுமையா சோதிச்சு 1907ல புத்தகமாவே போட்டார். கேட்கிறவருக்கே விடை தெரியலைன்னா ஹான்ஸுக்கும் தெரியலை. கேட்கிறவரைப் பார்க்க முடியலைன்னாலும் அதே கதை. சரியான எண்ணிக்கை வந்ததும் எதிர்ல நிக்கிறவர் தலை தன்னை அறியாம ஒரு நூலளவு அசையும். குதிரை அதைப் பார்த்துத் தட்டுறதை நிறுத்திடும். கணக்கு தெரியாத குதிரைன்னு எல்லாரும் இந்தக் கதையை முடிச்சிடுறாங்க. எனக்கென்னவோ, நமக்கே தெரியாத நம்ம அசைவைப் படிக்கிறது பெருக்கல் வாய்ப்பாட்டை விடப் பெரிய வித்தையாத்தான் படுது.

இதனால ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. வெள்ளிக்கிழமை டேமேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு சனிக்கிழமை காலையில கடுப்போட லாயத்துக்குப் போனா, அன்னிக்கு பிராக்கன் பத்தடி தள்ளியே நிப்பா. அந்தம்மா ஒரு பார்வை பார்த்துட்டு "போய் வைக்கோலை அடுக்கு"ன்னு அனுப்பிடுவாங்க. கோபமா இருக்கும்போது குதிரைகிட்டப் போகாதேன்னு கிரேக்க நாட்டு செனோஃபோனே ரெண்டாயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதி வெச்சிருக்கார். அப்பவும் டேமேஜர்கள் இருந்திருக்காங்க போல.

2024 முதல் பாதி முழுக்கத் தரைவேலைதான். கழுத்து, முதுகு, வயிறுன்னு கையால தடவி, கடைசியா கால். குளம்பைத் தூக்கக் கொடுக்கிறது குதிரைக்கு லேசான விஷயம் இல்லை. ஓடிப் பிழைக்கிற ஜென்மத்துக்கிட்ட, ஓடுற காலையே கையில கொடுன்னு கேட்கிறோம். முன்னங்கால் ரெண்டு வாரம், பின்னங்கால் ரெண்டு மாசம். இடது பக்கம் பழகினது வலது பக்கத்துக்கு ஒட்டலை, அங்க மறுபடி அ, ஆவன்னாதான். அப்புறம் தார்ப்பாய் மேல நடக்கிறது, தண்ணிக் குட்டையைத் தாண்டாம உள்ளே இறங்குறது, டிராக்டர் பக்கத்துல நிக்கிறது. புதுசா ஒண்ணு பழகின உடனே வாயை மென்னு நாக்கைச் சுழட்டுவா. அது 'புரிஞ்சிடுச்சு'ங்கிற அடையாளம்னு சில பேர் அடிச்சுச் சொல்லுவாங்க. பதட்டம் இறங்குறதோட அடையாளம்னு சொல்றவங்க பக்கம்தான் நான்.

ஜூலையில ஒரு ஆள் கார்ல வந்து இறங்கினார். ஒன்பது வயசு மகளுக்கு மட்டக்குதிரை வேணுமாம். பிராக்கன் அன்னிக்குன்னு பார்த்து தங்கமா நடந்துக்கிட்டா. கிறிஸ்துமஸுக்குள்ள சவாரிக்குத் தயார் பண்ணிக் கொடுங்கன்னு சொல்லி, அவர் சொன்ன தொகை அந்த வருஷம் வைக்கோல் செலவை அப்படியே முழுங்கியிருக்கும். அந்தம்மாவுக்கு அந்தப் பணம் தேவைன்னு எனக்கு நல்லாவே தெரியும். கூரை ஒழுகிட்டிருந்துச்சு.

"2026ல வாங்க"ன்னாங்க.

அவருக்குக் கோபம். எனக்கே கொஞ்சம் அதிகமாத்தான் பட்டுச்சு. மூணு வயசுல ஏறுறவங்க ஊர்ல நிறைய. பந்தயக் குதிரைங்க ரெண்டு வயசுலயே ஓடுது. சாயங்காலம் கேட்டேன். பதில் சொல்லாம பிராக்கனோட காலடியில உட்கார்ந்து கையாலேயே காட்டினாங்க. குதிரையோட எலும்பு வளர்ச்சி கீழேருந்து மேல முடிஞ்சுக்கிட்டே போகுது. எலும்போட நுனியில வளர்ற குருத்துப் பகுதி குளம்புக்குப் பக்கத்துல முதல் வருஷத்துலயே கெட்டியாயிடும். முன்னங்கால் முட்டிக்கு மேல ரெண்டு, ரெண்டரை வயசு ஆகும். கடைசியா முடியறது முதுகெலும்பு, அதுக்கு அஞ்சு வயசுக்கு மேல. நாம சேணம் போட்டு உட்கார்றது எங்கே? சரியா அங்கேயே.

அப்புறம் நானும் தேடிப் படிச்சேன். விஷயம் அவ்வளவு கறுப்பு வெள்ளை இல்லை. சின்ன வயசுல ஓடியாடித் திரியுறது எலும்பைப் பலப்படுத்துது, கட்டிப்போட்டு வளர்க்கிறதுதான் கெடுதல். அதனால வேலை கொடுக்காம இருக்கிறது தீர்வில்லை. முதுகுல பாரம் ஏத்துறது மட்டும்தான் பொறுக்கணும். ஆனா அந்தம்மா பயந்தது எலும்புக்காக மட்டுமில்லை. அவசரமா ஏறி, வலிச்சு, ஒரு தடவை துள்ளித் தள்ளிவிட்ட குதிரைக்கு 'தள்ளிவிடுற குதிரை'ன்னு பேர் விழுந்துடும். அந்தப் பேரோட அது கைமாறிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு கைக்கும் விலை குறையும், கடைசிக் கை நல்ல கையா இருக்காது. "நான் எப்பவும் இருக்கமாட்டேன். அவ முப்பது வருஷம் வாழலாம்"னாங்க. அந்த ஆள் வேற எங்கேயோ வாங்கிட்டார். கூரைக்கு அந்தக் குளிர்காலம் நானும் அந்தம்மாவும் தார்ப்பாய் கட்டினோம். பிராக்கன் நடந்து பழகின அதே தார்ப்பாய்.

2025 வசந்தத்துல வாயில இரும்பு வெச்சு, ரெண்டு நீளமான கயிறைக் கடிவாளத்துல கட்டி, பின்னால நடந்துக்கிட்டே ஓட்டுற பயிற்சி. லாங் ரெய்னிங்னு சொல்வாங்க. என்னைக் கேட்டா மொத்தத்துல இதுதான் சொர்க்கம். முதுகுல ஆளில்லாமலேயே திரும்புறது, நிக்கிறது, முன்னால யாரும் வழிகாட்டாம தனியா முதல் அடி எடுத்து வைக்கிறது எல்லாமே இதுல வந்துடும். காட்டுப் பாதையில அவ காதுக்கு நடுவுல தெரியுற உலகத்தைப் பார்த்துக்கிட்டே மைல் கணக்கா நடந்திருக்கேன். ஒரு தடவை அவளோட பழைய கூட்டம் எதிர்ல வந்துச்சு. நின்னா. கனைச்சா. நான் கயிறை இழுக்காம காத்திருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும், பெருமூச்சு விட்டுட்டு நடக்க ஆரம்பிச்சா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன்.

சேணம், வயித்துப்பட்டை எல்லாம் ஒவ்வொரு துளையா இறுக்கிப் பழக்கி, ஆகஸ்ட்ல ஏறுற நாள் வந்துச்சு. இங்கிலீஷ்ல முன்னாடி இதுக்கு 'உடைக்கிறது'ன்னே பேரு. இப்ப நிறையப் பேர் அந்த வார்த்தையைச் சொல்றதில்லை, எனக்கும் அது பிடிக்காது.

ஏறினது நான்னு நினைச்சா, இல்லீங்க. கணக்கு இடிச்சுது. சேணத்தோட சேர்த்து குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல ஏத்தக்கூடாதுங்கிறது பரவலா சொல்ற அளவு. பிராக்கன் 300 கிலோ. அப்ப 60. நான் மட்டுமே 63, வார இறுதி பிரியாணியைக் கழிக்காம. முதல் தடவைக்கு 60 கூட அதிகம்னு அந்தம்மா சொல்லி, பக்கத்து வீட்டுப் பதினஞ்சு வயசுப் பொண்ணைக் கூப்பிட்டாங்க. என் வேலை தலைப்பக்கம் கயிறைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடுறது.

நாலு நாள் அந்தப் பொண்ணு மரப்படி மேல நின்னு வயித்தால மட்டும் சாஞ்சு சாஞ்சு இறங்கினா. அஞ்சாம் நாள் காலை அந்தப் பக்கம் போட்டு மெதுவா உட்கார்ந்தா. பிராக்கன் கண்ணு பெருசாச்சு. காது ரெண்டும் பின்னால போச்சு. என் கையில கயிறு தொளதொளன்னு இருக்கணும், இருந்துச்சு. அப்புறம் கழுத்தை வளைச்சு அந்தப் பொண்ணோட பூட்ஸை மோந்து பார்த்தா. ஓ, நீதானா!

"இறங்கு"ன்னாங்க அந்தம்மா. பத்து செகண்ட் கூட இருக்காது. அன்னைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் மூணு அடி. அதுக்கடுத்த நாள் பட்டியைச் சுத்தி ஒரு வட்டம். மூணு வாரம், ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், நடையும் கொஞ்சம் தொத்து ஓட்டமும். அதோட சேணத்தைக் கழட்டி, அக்டோபர்ல மத்த குதிரைங்களோட வெளி மேய்ச்சலுக்கு விட்டாச்சு. நல்லாப் போயிட்டிருக்கும்போது எதுக்கு நிறுத்தணும்னு கேட்டேன். "நல்லாப் போறதாலதான்"னாங்க. அடுத்த பாடம் அஞ்சு வயசுல.

இப்ப மேய்ச்சல் நிலத்துல பஞ்சு மூட்டை மாதிரி குளிர்கால முடி வளர்ந்து, பிடரி முழுக்க ஒட்டுமுள்ளோட சுத்திட்டிருக்கா. முட்டி வரைக்கும் சேறு. அடுத்த சனிக்கிழமை குளம்பு வெட்டுறவர் வர்றார். அதுக்குள்ள நாலு காலையும் கழுவி வெச்சாகணும்.